பதினொன்றாம் வளைவுக்கு மேலே ஒரு சிறுபாலம்

படிவத்தில் ஒரு கட்டம்:
ஓடையின் அகலம், மீட்டரில்.
ஒரே ஒரு எண்ணுக்குத்தான் இடம்.

சித்திரையில் டேப்பின் மறுமுனையைப் பிடித்தபடி
மாதேசு கேட்டான்,
"இப்ப எதை மேடம் அளக்கறோம்?"
கீழே உருண்டைக் கற்கள், சில்வர் ஓக் சருகு,
சிப்ஸ் பாக்கெட், ஒற்றைச் செருப்பு.
குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு குரங்கு
நாங்கள் எப்போது கிளம்புவோம் என்று பார்த்திருந்தது.
தண்ணீர் இருந்ததற்கு
பாறையின் இடுப்பில் ஓடிய கறுப்புக் கோடு மட்டும்தான்.
இந்தக் கோட்டிலிருந்து எதிர்க் கோட்டுக்கு அளந்தேன்.
இரண்டு புள்ளி நாலு.
பக்கத்தில் 'வறண்டது' என்று எழுதினேன்.
அலுவலகத்தில் அடித்துவிட்டார்கள்.
குறிப்புகளுக்குக் கட்டமில்லை.

கோடை விழாவுக்கு ஏற்காடு போகிறவர்கள்
இந்த வளைவில்தான் வாந்தியெடுக்க இறங்குவார்கள்.
வாய் கொப்பளித்து நிமிர்ந்தால்
சேலம் முழுக்கக் காலடியில்:
மூட்டை அவிழ்ந்து கொட்டிய சுண்ணாம்பாய் வெள்ளைக்கல் சுரங்கம்,
மூக்கனேரியில் மிச்சமிருக்கும் பச்சை,
ஜங்ஷனை விட்டுச் சத்தமே இல்லாமல்
ஊர்ந்து போகும் ஒரு ரயில்.
வந்ததற்கு இது போதாது அவர்களுக்கு.
"இங்க அருவி இருக்காமே, எங்கேங்க?"
பூங்காவனம் பலாச்சுளையை எண்ணிக்கொண்டே சொல்வாள்,
"ஊருக்குப் போயிருக்கு. ஐப்பசியில வரும்."
சிரிப்பார்கள், சுளை வாங்குவார்கள்.
ஒருவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்,
"எந்த ஊருக்கு?"
அவள் சில்லறை தேடினாள்.

வந்த இரவை நான் பார்க்கவில்லை.
விடியற்காலை போனில் மாதேசு:
"மேடம், வந்திருச்சு."
எது என்று நான் கேட்கவில்லை.

ஒன்பதாம் வளைவிலேயே சத்தம் கேட்டது.
பாலத்தின் குழாயை ஒரு முழு மரம் அடைத்திருக்க
அது பாலத்தைச் சட்டை செய்யாமல்
சாலைமேலேயே நடந்து கடந்துகொண்டிருந்தது,
காப்பித் தோட்டத்துச் செம்மண்ணை வாரிச் சுருட்டி,
பால் குறைந்த டீயின் நிறத்தில்.
அந்தப் பக்கம் ஒரு பஸ், இந்தப் பக்கம் இரண்டு.
கண்டக்டர் பீடி பற்றவைத்தார்.
மல்லிப்பூக் கூடையைத் தலையில் வைத்தபடி ஒருத்தி
கணுக்கால் வரை இறங்கி, யோசித்து, ஏறிவிட்டாள்.
ஒரு பையன் கல் எறிந்தான்.
கல் விழுந்த சத்தம் வரவில்லை.

பூங்காவனத்தின் கடைப்பலகை
போன சித்திரையில் இருந்த இடத்திலேயே இருந்தது, நனையாமல்,
கறுப்புக் கோட்டுக்கு ஒரு முழம் மேலே.
மூன்று வருஷமாக அந்தப் பலகையில் பைல் வைத்துத்தான்
நான் கையெழுத்துப் போடுகிறேன்.

அளந்தாக வேண்டும்.
மாதேசு அந்தக் கரையில், நான் இந்தக் கரையில்,
நடுவில் டேப்.
தண்ணீர் அதைத் தொட்டதும் வில்லாக வளைத்தது.
உள்ளங்கையில் அது உறுமியது,
கட்டிப்போட்ட ஏதோ ஒன்றைப் போல.
அவன் எண்ணைக் கத்தினான்.
உதடு மட்டும் அசைந்தது.
விரல்களைக் காட்டினான்: ஏழா, ஒன்பதா?
மழை அவன் கையையும் அழித்துவிட்டது.

அதே ஓடையைப் பிறகு கன்னங்குறிச்சியில் பார்த்தேன்.
சாக்கடைக்கும் சுவருக்கும் நடுவே
ஒதுங்கி ஒதுங்கி ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது.
அடையாளம் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.
தை பிறந்ததும் பாலத்தடியில் ஒரு குட்டை,
அதில் ஒருவர் பைக் கழுவினார்.
மாசியில் அதுவும் இல்லை.

படிவம் இன்னும் மேஜையில் கிடக்கிறது.
நேற்று சூரமங்கலத்தில், வெயிலில்,
ஒரு அடுக்குமாடிக்கு எதிரே சாலையை அளந்தேன்.
டேப்பை இழுத்தால்
ஏழாவது மீட்டர் தாண்டியதும்
மணல் கரகரக்கிறது.